புளி ஜாடி இரண்டு

பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்

விருத்தாசலம்
24-3-2025

திருமதி க. செல்வநாயகி அவர்களுக்கு,

தாங்கள் குடியிருந்த எமது வீட்டின் பின்கட்டு இம்மாதம் 11ஆம் தேதி முதல் எமது பூட்டில் உள்ளது. அதில் தாங்கள் விட்டுச் சென்ற சாமான்களைக் கீழே பட்டியலிட்டுள்ளேன். இக்கடிதம் கண்ட முப்பது தினங்களுக்குள் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ள வேண்டியது. தவறினால் அவற்றை என்ன செய்வது என்பதை நாங்களே முடிவு செய்வோம். எல்லாம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று சென்னையிலிருந்து என் மகன் ரகுராம் சொல்லியிருப்பதால், தொலைபேசியில் அழைக்க வேண்டாம்.

இரும்புக் கட்டில் ஒன்று. பாய் மூன்று. தகரப் பெட்டி ஒன்று, உள்ளே புடவைகள். கிரைண்டர் ஒன்று. கேஸ் அடுப்பும் சிலிண்டரும். எவர்சில்வர் குடம் நான்கு, பிளாஸ்டிக் குடம் இரண்டு. புளி ஜாடி இரண்டு (பெரியது ஒன்று, சிறியது ஒன்று). கண் எழுதாத பீங்கான் பொம்மை பதினேழு, வர்ணக் கிண்ணங்கள், தூரிகைகள். சுவர்க் கடிகாரம், ஓடவில்லை. உங்கள் மகள் திரௌபதியின் பள்ளிச் சான்றிதழ்கள் ஒரு கவரில். கலியமூர்த்தியின் சைக்கிள்.

இப்படிக்கு,
அ. பர்வதம்
தமிழாசிரியை (ஓய்வு)

பி.கு: கட்டிலுக்கடியில் முறத்தில் இருந்த வடகத்தை வெயிலில் வைத்து எடுத்தேன். பூச்சி விழுந்துவிடும் போலிருந்தது.

*

கருவேப்பிலங்குறிச்சி
29-3-2025

டீச்சரம்மாவுக்கு,

உங்கள் பதிவுத் தபால் கிடைத்தது. அண்ணன் வீட்டு வாசலில் நின்றபடியே பிரித்துப் படித்தேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக என்னைத் 'தாங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மரியாதை கிடைக்க நான் திருடி ஆக வேண்டியிருந்தது, பாருங்கள்.

போனில் பேச வேண்டாம் என்றீர்கள். நல்லதுதான். உங்கள் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது, அழுகைதான் வரும்.

'விட்டுச் சென்ற சாமான்கள்' என்று எழுதியிருக்கிறீர்களே, நான் எதை விட்டுச் சென்றேன்? மார்ச் ஒன்றாம் தேதி பீங்கான் சூளையிலிருந்து சரக்கு இறக்கும்போது அடுக்குத் தட்டு கை நழுவி என் வீட்டுக்காரர் கால்மேல் விழுந்தது. பாதம் நசுங்கிப்போய், புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஓடுகிற அவசரத்திலும் சாவியை உங்கள் கையில்தானே கொடுத்தேன்? "தண்ணி வந்தா புடிச்சி வைங்க டீச்சரம்மா, போயிட்டு வரேன்" என்றேன். "நான் பாத்துக்கறேன், நீ கிளம்பு" என்று என் தலையைத் தடவி அனுப்பினீர்கள்.

பதினோராம் நாள், கட்டுப் போட்ட காலோடு அவரை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினால், பின்கட்டுக் கதவில் புதுப் பூட்டு தொங்குகிறது. நீங்கள் மாடி வராந்தாவில் நின்றுகொண்டு, "திருடிக்கு என் ஆத்துல இடமில்லே" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னீர்கள். எதிர்வீட்டுக் கொளஞ்சியம்மா ஓடிவந்து, "என்னாங்க டீச்சரம்மா, காலு ஒடைஞ்ச மனுசன வெயில்ல நிக்க வெச்சிட்டீங்களே" என்று கேட்டது. நீங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். அவர் ஒற்றைக்காலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கனம் இன்னும் தோளில் இருக்கிறது.

உங்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு ஐயா கழுத்தில் கிடந்த தங்கப் பூண் போட்ட ருத்ராட்ச மாலை காணாமல் போனது போன புரட்டாசியில். ஐயா காலமானது ஐப்பசியில். ஆறு மாதமாக நான் திருடியாகத் தெரியவில்லை, இப்போது எப்படித் தெரிந்தேன்? தை கடைசி வெள்ளிக்கிழமை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதானே மணவாளநல்லூர் போய், கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டிவிட்டு வந்தோம்? எடுத்தவர் யாராக இருந்தாலும் தொண்ணூறு நாளில் காட்டிக்கொடுக்கச் சொல்லித்தானே சாமிக்கு எழுதிக் கொடுத்தோம்? அவர் இன்னும் யாரையும் காட்டவில்லையே. அவருக்கு முன்னால் உங்களுக்கு யார் வந்து சொன்னது?

சாமான் கிடக்கட்டும். எனக்கு இதற்குப் பதில் வேண்டும்.

செல்வநாயகி

பி.கு: வடகத்தை ஒரே வெயிலில் எடுக்கக் கூடாது. மூன்று வெயில் வேண்டும்.

*

விருத்தாசலம்
5-4-2025

செல்வி,

உனக்கு மரியாதை கொடுத்தாலும் குற்றம், கொடுக்காவிட்டாலும் குற்றம். சரி, பழையபடியே எழுதுகிறேன்.

பதில் வேண்டும் என்கிறாய். சொல்கிறேன், கேட்டுக்கொள். சாமி காட்டிவிட்டார்.

அவர் கழுத்து மாலையைத் தொடுகிற தூரத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர். நான் ஒன்று, நீ ஒன்று. கடைசி இரண்டு வருஷம் அவருக்கு நினைவு தப்பித் தப்பி வந்தபோது, குளிப்பாட்டியது நீ. துவட்டியது நீ. எனக்கு முட்டி வலி, குனிய முடியாது என்பதால் உன்னை நம்பி விட்டேன். பழமலைநாதர் கோயிலில் முப்பது வருஷம் வேத பாராயணம் செய்தவர் போட்டிருந்த மாலை அது. வைகாசியில் என் பேரன் ஸ்ரீசரணுக்குப் பூணூல். அன்றைக்கு அதை அவன் கழுத்தில் போட வேண்டும் என்பது அவர் நினைவோடு இருந்தபோது சொன்ன ஒரே ஆசை. ரகுராம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் பண்ணி, "அம்மா, மாலை கிடைச்சுதா?" என்று கேட்கிறான். நான் என்ன பதில் சொல்வது?

'எடுத்தவர் யாராக இருந்தாலும்' என்று நாம் எழுதியதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் அப்படி எழுதவில்லை. பிராதில் பெயர் எழுதித்தான் கொடுத்தேன். 'எமது பின்கட்டில் குடியிருக்கும் கலியமூர்த்தி மனைவி செல்வநாயகிமேல் எனக்குச் சந்தேகம். அவள் எடுத்திருந்தால் அவள் குடும்பத்தில் காட்டிக்கொடுக்கவும்' என்று எழுதினேன். இருபத்திரண்டாம் நாள் உன் வீட்டுக்காரனுக்குக் கால் போயிற்று. இதற்குமேல் எனக்கு யார் வந்து சொல்ல வேண்டும்?

உன்னிடம் நேரில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் சாமியிடம் கேட்டேன்.

மாலையைக் கொண்டுவந்து வைத்துவிடு. நான் யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டேன். பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

பர்வதம்

*

கருவேப்பிலங்குறிச்சி
10-4-2025

டீச்சரம்மாவுக்கு,

நான்கு நாளாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். பேனா பிடித்தால் ஒரு வரிகூட நேராக வரமாட்டேன் என்கிறது. பொம்மைக்குக் கண் எழுதுகிற கை இது. ஒரு நாளைக்கு இருநூறு ஜோடி கண் எழுதினாலும் கோணியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமையை நினைத்துப் பார்க்கிறேன். காலையில் நீங்கள் வந்து, "செல்வி, கூட வரியா? தனியாப் போகப் பயமா இருக்கு" என்றீர்கள். அன்றைக்கு ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டேன். பஸ்ஸில் உங்கள் பையை என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பைக்குள் மடித்த காகிதம் இருந்தது. கோயிலில் பிராதைச் சாமி காலடியில் வைத்து, விபூதி போட்டுப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்கள். முனியப்பர் சன்னதி வேலில் கட்ட வேண்டும். உங்கள் விரல் கயிற்றைப் பிடிக்காமல் நழுவியது. "நீயே கட்டிடும்மா, உன் கை ராசியான கை" என்றீர்கள்.

நான் கட்டினேன் டீச்சரம்மா. அவிழ்ந்துவிடக் கூடாது என்று மூன்று முடிச்சு போட்டேன். பக்கத்தில் கைகூப்பி நின்று, "என் டீச்சரம்மாவோட பொருள் கெடைச்சிடணும் சாமி" என்று வேண்டிக்கொண்டேன். என் பெயரும் என் புருஷன் பெயரும் எழுதிய காகிதத்தை என் கையாலேயே கட்ட வைத்தீர்கள். அதற்கப்புறம் பஸ் ஸ்டாண்டில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தீர்கள். அந்த டீயை எப்படித்தான் உங்களால் வாங்கிக் கொடுக்க முடிந்தது?

திருடி என்று தெருவில் கத்தினீர்களே, அதைக்கூட கோபத்தில் சொன்னது என்று என்றைக்காவது மறந்திருப்பேன். இதை மறக்க மாட்டேன். இது கோபத்தில் செய்தது இல்லை. யோசித்து, பிழை திருத்தி, அழகான கையெழுத்தில் எழுதியது.

கேட்க வாய் வரவில்லை என்கிறீர்கள். பதினோரு வருஷம் உப்பு இல்லை, மிளகாய் இல்லை என்று கேட்க வாய் வந்தது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, "செல்வி, உங்க ஐயா கட்டில்லேர்ந்து விழுந்துட்டார்" என்று கூப்பிட வாய் வந்தது. "செல்வி, நீ எடுத்தியா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்க மட்டும் வாய் வரவில்லையாக்கும்.

கால் போனால் சாமி காட்டிய அடையாளம் என்கிறீர்கள். அப்படியென்றால் ஐயா இரண்டு வருஷம் நினைவு தப்பிக் கிடந்தாரே, அவர் யார் வீட்டில் எதை எடுத்தார்? இப்படி எழுத எனக்கே நாக்கு கூசுகிறது. அவர் என்னைப் பெற்ற பெண்ணைப் போல வைத்திருந்தவர். எழுத வைத்துவிட்டீர்கள்.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். திரௌபதிக்கு ஒன்பதாம் மாதம். மே முதல் வாரத்தில் தேதி கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் கட்டிய பிராதுக்கு மே எட்டாம் தேதியோடு தொண்ணூறு நாள் முடிகிறது. 'அவள் குடும்பத்தில் காட்டிக்கொடுக்கவும்' என்று எழுதியிருக்கிறீர்கள். என் குடும்பத்தில் அடுத்து வரப்போகிறது அந்தக் குழந்தைதான். நான் எடுக்கவில்லை என்பது எனக்கும் சாமிக்கும் தெரியும். ஆனாலும் ராத்திரி தூக்கம் வரமாட்டேன் என்கிறது. அவளிடம் இதை நான் சொல்லவில்லை. கட்டியவர்தான் போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துத் திரும்ப வாங்க முடியும். நான் கட்டினாலும் எழுதியது நீங்கள். குழந்தை பிறப்பதற்குள் போய் வாங்கிவிடுங்கள். உங்கள் காலில் விழுகிறேன் என்று எழுத மாட்டேன். ஆனால் கேட்கிறேன்.

சாமானை எடுக்க அண்ணன் 20ஆம் தேதி குட்டியானை வண்டியோடு வருவார். பெரிய ஜாடியைப் பார்த்து ஏற்றச் சொல்லுங்கள். அதில் இருப்பது மூன்று வருஷப் பழம்புளி. நான் திறப்பதே இல்லை. திரௌபதிக்குப் பிள்ளை பிறந்தால் பத்தியக் குழம்புக்கு என்று வைத்திருப்பது.

செல்வநாயகி

*

விருத்தாசலம்
18-4-2025

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திரௌபதி எப்படி இருக்கிறாள்? கால் வீக்கம் இருக்கிறதா? உப்பைக் குறைக்கச் சொல். கலியமூர்த்திக்குக் கட்டுப் பிரித்தாயிற்றா?

பிராது விஷயத்தை நீ மனதில் வைத்துக்கொண்டு அலட்டிக்கொள்ள வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன். வெயில் கொஞ்சம் தணியட்டும்.

உன் அண்ணன் பாலகிருஷ்ணன் வந்து எடுத்துக்கொள்ளட்டும். அவசரம் ஒன்றும் இல்லை. முப்பது நாள் என்று எழுதியதெல்லாம் ரகுராம் சொல்லி எழுதியது. இன்னும் ஒரு மாதம் ஆனாலும் அறை சும்மாதான் கிடக்கும். வண்டியில் ஏற்ற எல்லாவற்றையும் கட்டி வைத்துவிட்டேன். மறுபடி ஒருமுறை பட்டியல் எழுதியிருக்கிறேன், சரிபார்த்துக்கொள்.

இரும்புக் கட்டில் ஒன்று. பாய் மூன்று. தகரப் பெட்டி ஒன்று. கிரைண்டர். அடுப்பு, சிலிண்டர். குடம் ஆறு. புளி ஜாடி ஒன்று. பொம்மை பதினேழு, கிண்ணங்கள், தூரிகைகள். கடிகாரம் (புது பேட்டரி போட்டேன், ஓடுகிறது). சான்றிதழ் கவர். சைக்கிள். வடகம், மூன்று வெயில் வைத்தது.

பெரிய ஜாடி எடுத்து வைக்கும்போது கை தவறி உடைந்துவிட்டது. மன்னித்துக்கொள். வேறு வாங்கித் தருகிறேன்.

அன்புடன்,
பர்வதம்

*

கருவேப்பிலங்குறிச்சி
22-4-2025

டீச்சரம்மாவுக்கு,

சாமான் வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தகரப் பெட்டியில் என் புடவைகளை யாரோ ஒவ்வொன்றாகப் பிரித்து உதறி, மறுபடி மடித்து வைத்திருக்கிறார்கள். மடிப்பு என் மடிப்பு இல்லை. தலையணையின் ஓரத்தைப் பிரித்துத் தைத்திருக்கிறது. தையல் நன்றாக இருக்கிறது, உங்கள் தையல்தான்.

தேடினீர்கள். சரி, தேடுங்கள். அதற்குமேல் கோபப்பட எனக்கு எதுவும் மிச்சமில்லை.

ஆனால் ஜாடி உடைந்தது என்கிறீர்களே, அதை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். என் வீட்டுக்காரர் இருபது வருஷமாகச் சூளையில் நிற்கிறவர். அந்த ஜாடி அரை அங்குல கனம். உங்களால் தரையை விட்டு நகர்த்தக்கூட முடியாது, அதைத் தூக்கிக் கை தவற விட்டீர்களா? சரி, உடைந்ததாகவே வைத்துக்கொள்வோம். புளி எங்கே? மூன்று வருஷப் புளி எட்டுக் கிலோ, அதுவும் உடைந்துவிட்டதா? முதல் கடிதத்தில் 'தாங்கள்', இரண்டாவதில் 'செல்வி', இப்போது 'அன்புள்ள செல்வி'. நடுவில் என்னமோ நடந்திருக்கிறது. என்னைத் திருடி என்றபோதுகூட இவ்வளவு பயமாக இல்லை. நீங்கள் அன்பாக எழுதினால்தான் பயமாக இருக்கிறது.

ஜாடிக்குள் என்ன பார்த்தீர்கள்?

திரௌபதிக்கு நேற்றே இடுப்பு வலி மாதிரி வந்து நின்றுவிட்டது. வெயில் தணியக் காத்திருக்காதீர்கள். சித்திரையில் எங்கே தணியும்?

செல்வநாயகி

*

விருத்தாசலம்
30-4-2025

செல்வி,

ஜாடி உடையவில்லை. கொளஞ்சியம்மாள் தன் தங்கையைப் பார்க்க உங்கள் ஊருக்கு வருகிறாள். அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். வாயைத் துணியால் கட்டியிருக்கிறேன். நீ தனியாக இருக்கும்போது பிரி.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

சித்திரை முதல் தேதி. பண்டிகை நாள். உன் சாமான் போவதற்குள் கடைசியாக ஒருமுறை தேடிவிடலாம் என்று பின்கட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் ஏற்கெனவே தேடியாயிற்று. ஜாடி மட்டும் பாக்கி. புளிக்குள் முழங்கை வரை கையை விட்டேன். அடியில் ஒரு பாலிதீன் கவர் தட்டுப்பட்டது. இழுத்தேன். அவருடைய விபூதிப் பை. உள்ளே மாலை.

செல்வி, நான் சந்தோஷப்பட்டேன். அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் எழுதிப் பிரயோஜனமில்லை. மாலை கிடைத்ததற்கு மட்டும் இல்லை, நீதான் எடுத்தாய் என்று ஆனதற்கும் சந்தோஷப்பட்டேன். நான் செய்தது எல்லாம் சரியாகிவிட்டதே என்று. புளி ஒட்டிய கையோடு ரகுராமுக்குப் போன் பண்ணி, "கிடைச்சுடுத்துடா, அவ ஜாடியிலேதான்" என்றேன். வராந்தாவுக்கு வந்து கொளஞ்சியம்மாளைக் கூப்பிட்டு அவளிடமும் சொன்னேன்.

அதற்கப்புறம்தான் பைக்குள் இன்னும் ஏதோ இருப்பதைப் பார்த்தேன். நாள்காட்டித் தாள் ஒன்று. புரட்டாசி 12, சனிக்கிழமை. பின்பக்கத்தில் அவர் கையெழுத்து. கோணல்மாணலாக இருந்தாலும் அவர் எழுத்துதான். சில நாள் காலையில் தெளிவு வந்து பின்கட்டு வரை நடந்து வருவாரே, அப்படி ஒரு நாளாக இருக்க வேண்டும். எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்:

'பர்வதத்திடம் கொடுத்தால் எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவாள். செல்வி ஜாடியில் இருக்கட்டும். ஸ்ரீசரண் பூணூலுக்குச் செல்வி எடுத்துக் கொடுப்பாள்.'

அங்கேயே உன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பண்டிகைக்கு அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை.

பதினாறு நாள் மறைத்தேன். ஜாடி உடைந்தது என்று பொய் எழுதினேன். ரகுராமுக்கும் கொளஞ்சியம்மாளுக்கும் இன்னும் திருத்திச் சொல்லவில்லை. தினமும் போனைக் கையில் எடுக்கிறேன், வைத்துவிடுகிறேன். சொல்வேன். கொஞ்சம் அவகாசம் கொடு. இந்தத் தெருவில் எல்லாரும் என்னை டீச்சர் என்று கூப்பிடுகிறவர்கள்.

நேற்று மணவாளநல்லூர் போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். 'பொருள் கிடைத்துவிட்டது. பிராதைத் திரும்பப் பெறுகிறேன்.' திரௌபதியின் குழந்தைக்கு ஒன்றும் வராது. பயப்படாதே.

மாலையை ஜாடியிலேயே வைத்திருக்கிறேன், புளிக்கு மேலே, புதுத் துணியில். அது உன் பேரக்குழந்தைக்கு. ஸ்ரீசரணுக்கு வேறு செய்துகொள்ளலாம். இதைவிடப் பெரியதாக என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொள்கிறேன். அவர் கைப்பட எழுதிய கடைசி எழுத்து அது.

நீ என்ன திட்டினாலும் சரி, ஒரு வரி எழுது.

பர்வதம்

*

பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்

கருவேப்பிலங்குறிச்சி
12-5-2025

டீச்சரம்மாவுக்கு,

திரௌபதிக்கு மே ஆறாம் தேதி காலை பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். நீங்கள் போய் ராஜினாமா கொடுத்ததற்கு நன்றி. இதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

ஜாடியைக் கொளஞ்சியம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தது. திண்டாடிப்போய் இறக்கி வைத்துவிட்டு என்ன சொன்னது தெரியுமா? "என்னாடி செல்வி, டீச்சரம்மாவுக்கு எவ்ளோ பெரிய மனசு பாத்தியா. ஒன் ஜாடியில பொருளு கெடைச்சும் போலீஸுக்குப் போவாம, ஒன்ன மன்னிச்சி, புளியக்கூட குடுத்து வுட்டிருக்காங்க" என்றது. பக்கத்தில் என் அண்ணன் நின்றார். அண்ணி நின்றார்கள். என் மாப்பிள்ளை நின்றார்.

நான் ஜாடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்தேன். நீங்கள் உட்கார்ந்த அதே கட்டிலில் நானும் உட்கார்ந்துவிட்டேன்.

ஐயா எழுதியதைப் படித்து அழுதேன். ஒரு பொருளைப் பத்திரமாக வைக்க அந்த வீட்டில் அவருக்கு என் ஜாடிதான் தெரிந்திருக்கிறது. நினைவு தப்பியவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லையே.

ராஜினாமாவில் 'பொருள் கிடைத்துவிட்டது' என்று எழுதினீர்கள். செல்வநாயகி எடுக்கவில்லை என்று எழுதவில்லை. பிராதில் என் பெயரை எழுத மறக்காத கை, அதைத் திரும்ப வாங்கும்போது மட்டும் மறந்துவிட்டது.

இப்போது மாலைக்கு வருகிறேன். புளியை எடுத்துக்கொண்டேன், அது என்னுடையது. பத்தியக் குழம்பும் வைத்துவிட்டேன். ஜாடியும் என்னுடையது. மாலை உங்கள் இரண்டு பட்டியலிலும் இல்லை. நான் அங்கே விட்டுவந்த சாமான் இல்லை அது. பெரிய மனசோடுதான் கொடுத்தீர்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். நாளைக்கு என் பேத்தி கழுத்தில் இதைப் போட்டால், பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? "பாத்தியா, அவகிட்டதான் இருந்துது" என்பார்கள். உங்கள் பிள்ளையும் அதைத்தான் சொல்வார், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதானே. நான் திருடவில்லை என்று உங்களுக்குத் தெரிந்த பிறகும், என்னைத் திருடியாக்குகிற பொருளைத்தான் எனக்குப் பரிசாக அனுப்பியிருக்கிறீர்கள். தெரிந்து செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. தெரியாமல் செய்தீர்கள் என்றால் அதுதான் இன்னும் வலிக்கிறது.

இந்தக் கடிதம் கிடைத்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மாலையைக் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுப்பார். உள்ளே வர மாட்டார், வாசலில் நின்றே கொடுப்பார். ஸ்ரீசரண் பூணூலுக்குச் செல்வி எடுத்துக் கொடுப்பாள் என்று ஐயா எழுதியிருக்கிறார். எடுத்துக் கொடுத்துவிட்டேன். பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

தெருவில் சொல்லுங்கள், ரகுராமிடம் சொல்லுங்கள் என்று நான் இனிமேல் கேட்கப் போவதில்லை. அதற்கு நீங்கள் கேட்கிற அவகாசத்தைக் கொடுக்க எனக்கு வயசு இல்லை. எனக்கு வேண்டியது வேறு.

அந்த நாள்காட்டித் தாளை உங்கள் வீட்டுக்காரர் எழுத்து என்று வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எழுதியது அவர்தான். ஆனால் அவர் அதை என் ஜாடிக்குள் போட்டார். என்றைக்காவது நான் எடுத்துப் பார்ப்பேன் என்றுதான் போட்டார். உங்களை நம்பாமல் என்னை நம்பியதாக அதில் எழுதியிருக்கிறார். உங்களுக்கு அது புருஷன் நினைவு. எனக்கு அது ஒன்றுதான் சாட்சி. கொளஞ்சியம்மாவிடம் காட்டுவேன். என் மாப்பிள்ளையிடம் காட்டுவேன். என் பேத்தி படிக்கத் தெரிந்ததும் அவளிடமும் காட்டுவேன்.

ஆகவே, தங்கள் பின்கட்டில் நான் விட்டு வந்த சாமான்களில் இன்னும் வந்து சேராதது ஒன்று உள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். நாள்காட்டித் தாள் ஒன்று. புரட்டாசி 12, சனிக்கிழமை. பின்பக்கம் எழுதியது.

இக்கடிதம் கண்ட முப்பது தினங்களுக்குள் தாங்கள் அதை அனுப்பி வைக்க வேண்டியது.

இப்படிக்கு,
க. செல்வநாயகி